போக ஒரு மணி நேரம், திரும்ப ஆறு நாட்கள்

கடந்த ஓகஸ்ட் மாதம், நான்கு இருக்கைகள் கொண்ட வாடகை விமானம் ஒன்றை நானே ஓட்டிக்கொண்டு, குடும்பத்துடன் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து திருகோணமலைக்கு நான்கு நாள் விடுமுறைக்குச் சென்றேன். சென்றடைய ஒரு மணி நேரம் எடுத்தது. திரும்பி வர ஆறு நாட்கள் எடுத்தன. 195,000 ரூபாயில் முடியும் என்று கணக்குப் போட்டிருந்த பயணத்துக்கு 687,000 ரூபாய் செலவானது. அலுவலகத்தில் ஐந்து நாள் கூடுதல் விடுப்பும் போயிற்று. குடும்பத்தை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசி மூன்று நாட்களும் அந்த விமானத்துக்குக் காவல்காரனைப் போல நான் மட்டும் ஊரில் நின்றேன். இவ்வாறெல்லாம் நடக்கக்கூடும் என்று எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன். சிறு வயதில் கொழும்பு ரயில் சீனன்குடா நிலையத்தில் நிற்கும்போதெல்லாம், பக்கத்து விமானப்படைத் தளத்தில் பயிற்சி விமானங்கள் எழுவதும் இறங்குவதும் தெரிகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கொழும்பில் வேலை, வீடு, பிள்ளை என்று எல்லாம் அமைந்த பிறகு, நாற்பத்தோராவது வயதில் இரத்மலானையில் பறக்கப் பழகித் தனியார் விமானி உரிமத்தைப் பெற்றேன். இந்த உரிமம் உள்ளவர் பணம் வாங்கிக்கொண்டு எவரையும் ஏற்றக் கூடாது. ஆனால் தன் குடும்பத்தை ஏற்றிச் செல்லலாம். எனது பறப்பு ஏட்டில் அப்போது 86 மணி நேரம் பதிவாகியிருந்தது. பிறந்த ஊரில் மேலிருந்து வந்து இறங்க வேண்டும் என்ற ஆசைதான் இந்தப் பயணத்தின் வேர். ஆசையை வேராகக் கொண்ட திட்டத்தில், போய்ச் சேரும் பகுதி மிக நுணுக்கமாகவும் திரும்பி வரும் பகுதி ஒற்றை வரியிலும் எழுதப்பட்டிருக்கும் என்பதை இப்போது எனது பழைய தாள்களைப் பார்க்கும்போது காண்கிறேன். போவதற்கு மூன்று பக்கங்கள் எழுதியிருந்தேன். திரும்புவதற்கு, 'ஞாயிறு காலை 8.00, அதே வழி' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

பாதை என்னவோ அழகான பாதைதான். இரத்மலானையிலிருந்து, திருகோணமலைக்குப் போகிறவர்கள் இறங்கும் சீனன்குடாத் தளத்துக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 129 கடல்மைல், அதாவது 240 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கோடு குருநாகல், தம்புள்ளை, சிகிரியா, கந்தளாய் ஆகிய இடங்களை ஏறக்குறைய உச்சியிலேயே தொட்டுச் செல்கிறது. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல அடையாளங்கள் கிடைக்கா. மலைநாட்டின் பெரிய சிகரங்கள் எல்லாம் வலப்புறத்தில் விலகி நிற்கும். நான் வாடகைக்கு எடுத்த பழைய செஸ்னா 172 மணிக்கு 105 கடல்மைல் வேகத்தில் பறக்கும். காற்றே இல்லாவிட்டால் 74 நிமிடங்களில் போய்விடலாம். ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் காற்று இல்லாமல் இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மேற்குப் பக்கத்தில் மேகத்தையும் மழையையும் இறக்கிவிட்டு, மறுபக்கம் வரண்ட கச்சானாக இறங்கி வருகிறது. அதனால்தான் அந்த மாதங்களில் திருகோணமலைக் கடல் கண்ணாடி போலக் கிடக்கிறது. அதனால்தான் அது நமது விடுமுறைக் காலமாகவும் இருக்கிறது. மூவாயிரம் அடி உயரத்தில் அந்தக் காற்று மணிக்கு 28 கடல்மைல் இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னது. போகும்போது அது முதுகைத் தள்ளும், 59 நிமிடம் போதும். வரும்போது அது முகத்தில் அறையும், 98 நிமிடம் வேண்டும். இந்தக் கணக்கை நான் போட்டேன். போடாத கணக்கு வேறொன்று: போகும்போது மேகத்திலிருந்து வெயிலுக்குப் போகிறோம், வரும்போது வெயிலிலிருந்து மேகத்துக்குள் வருகிறோம். உப்புவெளிக் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு காலையும் பறக்க ஏற்ற காலையாகத்தான் தெரியும். இறங்க வேண்டிய இடம் எப்படி இருக்கிறது என்பதை அந்த நீல வானம் ஒருபோதும் சொல்லாது.

வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கரைந்தது அங்கேதான். எனக்கு விமானம் தந்தவர்கள் பறந்த மணிக்கு 65,000 ரூபாய் என்று கூறினார்கள். எரிபொருளும் அதற்குள் அடக்கம். மூன்று மணி நேரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்பதால் 195,000 என்று எழுதி மனைவியிடம் காட்டினேன். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில், விமானம் வெளியூரில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும், புறப்படும் நாளும் திரும்பும் நாளும் உட்பட, ஒரு மணி நேரம் என்ற கணக்கில், மொத்தமாகக் குறைந்தது அவ்வளவு மணி நேரக் கட்டணம் அறவிடப்படும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் கையொப்பமிட்டவன் நான், வாசித்தவன் அல்லன். அது நியாயமற்ற விதியும் அன்று. விமானம் என்னிடம் சும்மா நிற்கும் நாட்களில் அவர்களால் பயிற்சி மாணவர் ஒருவரைக்கூட அதில் ஏற்ற முடியாது. ஆகவே விமானத்தை வாடகைக்கு எடுக்கிறவர்கள், பறக்கும் மணி நேரத்தைக் கேட்பதற்கு முன், 'பறக்காமல் நின்றால் நாளொன்றுக்கு எவ்வளவு, வானிலையால் நின்றாலும் அதே கட்டணமா, பழுதால் நின்றால் யார் பொறுப்பு' என்ற மூன்றையும் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியிலும் இதே தவறைச் செய்தேன். சீனன்குடா ஒரு விமானப்படைத் தளம்; முன்கூட்டியே அனுமதி பெறாமல் அங்கு இறங்க முடியாது, விமானத்தில் வரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை விபரமும் கொடுக்க வேண்டும், உறவினர்கள் உள்ளே வந்து வரவேற்கவோ நாம் ஆசைக்குப் படம் பிடிக்கவோ இயலாது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. ஆனால் வியாழன் முதல் ஞாயிறு வரை, சரியாக நான்கு நாட்களுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் இன்னும் ஐந்து நாட்களைச் சேர்த்து எழுதுவதற்கு ஒரு சதமும் செலவாகியிருக்காது.

இனி எடையைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு இருக்கைகள் இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் அரைகுறையாக அப்படியே நினைத்தேன். அந்த விமானம் நிலத்தை விட்டு எழக்கூடிய உச்ச எடை 1,043 கிலோ. வெறும் விமானமே 670 கிலோ. மிச்சம் 373. போகும் இடத்தில் எனக்கு எரிபொருள் கிடைக்கும் என்று எவரும் எழுத்தில் உறுதி தராததால் கிடைக்காது என்றே கொண்டு, தாங்கிகளை நிரப்பிச் செல்லத் தீர்மானித்தேன். இந்த விமானம் குடிக்கும் விமானப் பெற்றோலான அவ்காஸ் 151 லீற்றர் ஏறக்குறைய 109 கிலோ. அதைக் கழித்தால் மனிதர்களுக்கும் மூட்டைகளுக்கும் 264 கிலோ. நான் 74, மனைவி 60, மகன் 46. மாமா தொலைபேசியில் தன் எடை 72 என்றார். ஆக 12 கிலோ மிஞ்சியது. உடுப்புப் பெட்டிகள் இரண்டையும் முதல் நாள் இரவே ஊருக்குப் போகும் மச்சானிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் புத்திசாலித்தனமாகச் செய்ததாக இன்றும் நினைக்கிறேன். வியாழன் காலை இரத்மலானையில், பயிற்சிக் கூடத்தின் மூலையில் இருந்த தராசில் எல்லோரையும் ஏறச் சொன்னேன். மாமா சப்பாத்தோடு ஏறினார். முள் 81இல் நின்றது. அவர் தராசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மருமகன், அது போன வருசம் கிளினிக்கில நிறுத்தது" என்றார். அவரை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சம் 3 கிலோ.

விமானத்தின் பின்புறத்தில் ஒரு கித்தான் பை இருந்தது. கட்டிவைக்கும் கயிறுகள், சில்லுக்கு வைக்கும் கட்டைகள், இறக்கையின் கீழிருந்து எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் பிற்றோ குழாய்க்குப் போடும் சிவப்புத் துணி உறை ஆகியவை அதற்குள் இருந்தன. கையால் தூக்கிப் பார்த்தேன்; நாலு கிலோ வரும் போல இருந்தது. மாமாவின் மருந்துப் பெட்டியையும் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களையும் வைத்துக்கொண்டு, பையை அங்கேயே சுவரோரமாக வைத்துவிட்டேன். பத்து லீற்றர் எரிபொருளைக் குறைத்து ஊற்றியிருந்தால் ஏழு கிலோ கிடைத்திருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. தாங்கிகள் நிரம்பிவிட்டன, குடும்பம் வெயிலில் காத்து நிற்கிறது, மகன் ஏற்கனவே முன் இருக்கையில் ஏறி ஹெட்செட்டைத் தலையில் மாட்டிவிட்டான். பயணிகளுடன் பறக்கிறவர்கள் எடை பார்ப்பதைப் புறப்படும் காலையில் வைத்துக்கொள்ளாமல், இரண்டு நாட்களுக்கு முன் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். சொல்லும் எடையை நம்பவே கூடாது. பொய் சொல்கிறார்கள் என்பதற்காக அன்று. எவருக்கும் தன் எடை தெரியாது.

போன பயணத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. நன்றாக நடந்தவற்றில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. குருநாகல் யானைக்கல்லைத் தாண்டியதும் மேகம் கிழிந்து, தம்புள்ளைப் பாறையும் அதற்கப்பால் சிகிரியாவும் வரிசையாக எழுந்தன. கந்தளாய்க் குளம் காலை வெயிலில் ஈயத் தகடு போல மின்னியது. அதன் பிறகு தம்பலகாமத்து வயல்கள், பிறகு உடலுக்குள் கை நுழைத்தாற்போல நிலத்துக்குள் நுழைந்திருக்கும் குடா. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. 99 தாங்கிகள் மிஞ்சியிருக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மகனுக்குச் சொன்னேன், அவன் எண்ணத் தொடங்கிவிட்டான். தூரத்தில் சுவாமி மலையின் நுனியில் கோணேசர் கோவில். மாமா கைகூப்பினார். ஏறத்தாழ 2,400 மீற்றர் நீளமான ஓடுபாதையில், அதன் கால்வாசியைக்கூடப் பயன்படுத்தாமல் இறங்கினேன். கட்டுவதற்குக் கயிறு கொண்டுவரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தளத்தில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் கயிறு தந்தார்கள். பிற்றோ உறைக்கு மாற்றாக எதையும் தேடவில்லை. மூன்று நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்த மூன்று நாட்களும் நிலாவெளி, புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று என்று எல்லோரையும் போலத்தான் கழிந்தன. ஞாயிறு காலை எட்டு மணிக்கு, இலகுவான கைப்பைகளுடன் விமானத்தில் ஏறினோம். முன்சோதனையில் இறக்கையின் கீழ் குனிந்து குழாயைப் பார்த்தேன் என்று என் சோதனைத் தாளில் அடையாளம் இருக்கிறது. பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை. விசையை முழுதாகத் திறந்து ஓடத் தொடங்கினோம். இயந்திரம் ஒழுங்கு, எண்ணெய் அழுத்தம் ஒழுங்கு. வேகமானியின் முள் பூச்சியத்தில் இருந்தது. இன்னும் சற்று ஓடினோம். பக்கத்துப் புல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் முள் நாற்பதில் நின்றிருக்க வேண்டும். அது பூச்சியத்திலேயே நின்றது. அந்த ஓரிரு விநாடிகளில் மனம் சொன்னதை நேர்மையாக எழுதுகிறேன்: 'எழும்பிவிடு, மேலே போனால் சரியாகிவிடும்' என்றது. கை அதற்கு முன்பே விசையை இழுத்து மூடிவிட்டது. எனக்குப் பழக்கிய ஆசிரியர் அந்த ஒரு செயலை நூறு தடவை செய்ய வைத்திருந்ததற்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஓடுபாதையின் பாதியில் நின்றோம். "அப்பா, ஏன் நிண்டிட்டம்?" என்று மகன் கேட்டான். கட்டுப்பாட்டுக் கோபுரமும் அதையேதான் கேட்டது.

தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்து, முழங்காலில் இருந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் குழாயின் வாய்க்குள் அடித்தேன். வாய்க்குச் சற்று உள்ளே, பென்சில் தடிப்பில், சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாகப் பூசிய மண். மண்குளவி. எங்கள் வீட்டுச் சாவித் துளைகளிலும் தண்ணீர்க் குழாயின் வாய்களிலும் அது கூடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு துளை திறந்திருந்தால் இரண்டு நாளில் அதை வீடாக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஈர்க்கால் குத்தி எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். மண் உள்ளே தள்ளப்படும். வாயால் ஊதினால் உள்ளிருக்கும் மானியே கெட்டுவிடும். குழாயின் பின்பக்க இணைப்பைக் கழற்றி, முறைப்படி சுத்தம் செய்து, சோதித்து, ஏட்டில் கையொப்பமிடத் தகுதி பெற்ற பொறியியலாளர் ஒருவர் வர வேண்டும். அவர் இரத்மலானையில் இருந்தார், அன்று ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை வான் ஒன்றில் புறப்பட்டு, பிற்பகல் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வான் கூலியும் அவரது இரண்டு நாள் சம்பளமுமாக 48,000 ரூபாய். அதற்கிடையில் அனுமதி காலாவதியாகியிருந்ததால் திங்கள் காலை முழுவதும் அதை நீடிப்பதற்காகத் தொலைபேசியில் கழிந்தது. அந்த அனுமதியும் பொறியியலாளரின் கையொப்பமும் சேரும்போது மாலை நான்கு மணி. சூரியன் சாய்வதற்குள் எதிர்காற்றில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தாளில் தெரிந்தது. மாமா, "நாளைக்குப் போவம்" என்றார். அந்த முழுப் பயணத்திலும் பேசப்பட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான்.

செவ்வாய்க்கிழமையைத்தான் நான் இன்றும் கனவில் காண்கிறேன். மனைவியின் விடுப்பு திங்களோடு முடிந்திருந்தது, மகனுக்குப் புதன்கிழமை பாடசாலை தொடங்கவிருந்தது. இரத்மலானையின் காலை அறிக்கை நன்றாக இல்லை, மோசமாகவும் இல்லை. அறிக்கையில் உள்ள உலகப் பொது நேரம் நமது நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் என்பதை மறந்து, நான் பார்த்தது பழைய அறிக்கை என்பதையும் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஏழே முக்காலுக்கு எழுந்தோம். கந்தளாய் வரை வெயில். ஹபரணைக்கு மேல் காற்று மோதத் தொடங்கியது. விமானம் படிக்கட்டில் இறங்கும் மாட்டுவண்டி போலக் குலுங்கியது, மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தரை வேகம் மணிக்கு 80 கடல்மைலுக்கு இறங்கியிருந்தது. கீழே கண்டி வீதியில் போன வாகனங்கள் எங்களுடன் சேர்ந்து போவது போல இருந்தன. தம்புள்ளையைத் தாண்டியதும் மேகத்தின் அடி தாழ்ந்தது. 2,500 அடியிலிருந்து 2,000க்கு இறங்கினேன். பிறகு 1,600க்கு. ஒவ்வொரு முறையும், இதோ இந்த மேகத்தைத் தாண்டினால் திறந்துவிடும் என்ற எண்ணம். அந்தப் பகுதியில் தரையே கடல் மட்டத்திலிருந்து அறுநூறு அடி வரை உயர்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஆங்காங்கே தனிப் பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கின்றன. இடப்பக்கத்தில் ஒரு குன்றின் அடிவாரம் மட்டும் தெரிந்தது, உச்சி தெரியவில்லை. அந்த உச்சி நான் பறக்கும் உயரத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று எனக்கு நானே கேட்டேன், பதில் இல்லை. திரும்பினேன்.

திரும்பிய பிறகு பயம் வந்தது, அதற்கு முன் வரவில்லை. கட்டுப்பாட்டு வான்வெளியில் மேகத்துக்குக் கீழே ஆயிரம் அடி இடைவெளி, 5 கிலோமீற்றர் பார்வை என்ற விதிகளைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன் நான். விதியை ஒரேயடியாக எவரும் மீறுவதில்லை. நூறு நூறு அடியாக இறங்கித்தான் மீறுகிறோம். அதனால் இப்போது புறப்படுவதற்கு முன்பே, 'இந்த ஊருக்கு மேல் இந்த உயரத்துக்குக் கீழே இறங்க நேர்ந்தால் உடனே திரும்புவேன்' என்று தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்கிறேன். இன்னொன்று: சிகிரியாவில் ஓர் ஓடுபாதை இருந்தது, நான் திரும்பிய இடத்திலிருந்து கால் மணி நேரத்துக்குள் அடையக்கூடியது. எனது மனதில் அது அன்று இல்லவே இல்லை. வழியில் உள்ள இறங்குதளங்களின் வானொலி அலைவரிசையையும் ஓடுபாதைத் திசையையும் எழுதி வைத்திருந்தால், அவசரத்தில் அது ஒரு கதவாக இருந்திருக்கும். பின்காற்றில் அரை மணி நேரத்தில் சீனன்குடாவில் இறங்கினோம். வானம் பளிச்சென்று இருந்தது. மாமா ஒன்றும் பேசாமல் இறங்கி, நேராக நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். மனைவி, "நாங்கள் பஸ்ஸில போறம்" என்றாள். சண்டை பிடிக்கும் குரலில் அன்று, வெறும் தகவலாக. அன்றிரவே மூவரும் பஸ் ஏறினார்கள்.

மிச்சமிருந்த பிரச்சினை எரிபொருள். அன்று மாலை எரிபொருள் மானியை நம்பாமல் தாங்கிகளுக்குள் அளவுக்கோலை விட்டுப் பார்த்தேன்: 63 லீற்றர். அந்த விமானம் மணிக்கு 33 லீற்றர் குடிக்கும். எதிர்காற்றில் இரத்மலானை போய்ச் சேர 56 லீற்றர் வேண்டும். அதற்கு மேல் முக்கால் மணி நேர ஒதுக்கம் 25 லீற்றர். நிரம்பிய தாங்கிகளோடு வந்தால் போதும் என்று போட்ட கணக்கில், புறப்பட்டுத் திரும்பி வரும் ஒரு முயற்சிக்கு இடமே இருக்கவில்லை. அந்த விமானத்துக்கு ஜெட் எரிபொருள் ஆகாது, பெற்றோல் நிலையத்தில் அவ்காஸ் கிடையாது. விமானம் தந்தவர்கள் வாகனம் ஒன்றில் 60 லீற்றர் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். கொண்டுவரும் கூலி 40,000 ரூபாய், வந்து சேர்ந்தது வியாழன் பிற்பகல். வடிகட்டித் துணி வழியாக ஊற்றி முடித்த பிறகு தாங்கியின் அடியிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிது எடுத்துப் பார்த்தேன். இளநீல நிற எரிபொருளின் அடியில், ஒரு கடுகளவு தண்ணீர் நிறமற்ற மணியாக உருண்டது. கடலோர ஈரத்தில் பாதி வெறுமையான தாங்கிகளை நாட்கணக்கில் விட்டால் இப்படித்தான். மூன்று முறை வடித்தெடுத்த பிறகுதான் கிண்ணம் முழுவதும் ஒரே நீலமாக நின்றது.

அந்த மூன்று நாட்களில் நான் செய்த ஒரே பயனுள்ள காரியம், வானிலை கேட்க ஆட்களைப் பிடித்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் மகன் தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறான். குருநாகலில் என்னுடன் வேலை செய்தவர் ஒருவர் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு இருவருக்கும் அழைப்பு எடுப்பேன். முதல் நாள் லொறிக்காரத் தம்பி, "அண்ணை, மேகம் இருக்கு" என்றான். அது எனக்கு உதவவில்லை. மறுநாள், "பாறையின்ர உச்சி தெரியுதா?" என்று கேட்டேன். "அரைவாசிதான் தெரியுது" என்றான். அதுதான் எனக்கு வேண்டிய பதில். உத்தியோகபூர்வ அறிக்கையை இது மாற்றீடு செய்யாது. இரண்டு நிலையங்களுக்கு இடையில் உள்ள நூறு மைலில் என்ன நடக்கிறது என்பதை அங்கே நிற்கும் மனிதனின் கண்தான் சொல்கிறது. புதனும் வியாழனும் பாறை அரைவாசிதான் தெரிந்தது. பகல் முழுவதும் வீட்டு விறாந்தையில் அம்மா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு 65,000 கழிவதை எண்ணிக்கொண்டு இருந்தேன். ஊருக்கு வந்து ஒன்பது நாட்கள் அம்மாவுடன் தங்கியது பல வருடங்களுக்குப் பிறகு அதுவே முதல் தடவை. அதை அனுபவிக்கும் மனநிலை எனக்கு இருக்கவில்லை என்பதுதான் எனது பெரிய இழப்பு.

வெள்ளி காலை, "உச்சி தெரியுது அண்ணை, மேல லைற்றும் தெரியுது" என்றான். ஆறு நாற்பதுக்குத் தனியாக எழுந்தேன். வேகமானியின் முள் உயிருள்ள ஒன்று போலத் துள்ளி எழுந்து நாற்பதுக்கு வந்தது. ஒன்றரை மணி நேரத்தில், எதுவுமே நடக்காத ஒரு பறப்பு. இரத்மலானையில் கணக்கு தயாராக இருந்தது. பறந்தது மொத்தம் 4.4 மணி நேரம். அறவிட்டது ஒன்பது நாட்களுக்கு ஒன்பது மணி நேரம், 585,000 ரூபாய். பொறியியலாளருக்கு 48,000, எரிபொருள் வாகனத்துக்கு 40,000, பஸ்ஸும் தொலைபேசியும் தரிப்பும் மற்றவையும் 14,000. வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குடும்பமாகப் போய் வந்திருந்தால் எழுபதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அடுத்த முறை நான் போனால், திரும்பி வருவதற்கு பஸ் இருக்கைகளைப் பதிவு செய்துவிட்டுத்தான் விமானத்தை எடுப்பேன். விமானத்தின் நாள் வாடகையாக இன்னும் மூன்று நாளுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருப்பேன். விமானத்தை விட்டுவிட்டு வர முடியாத நாளில் புறப்படவே மாட்டேன்.

பணத்தைச் செலுத்திவிட்டு வெளியே வரும்போது, அந்தக் கித்தான் பை நான் வைத்த இடத்திலேயே சுவரோரமாக இருந்ததைக் கண்டேன். எடுத்துப் போய் மூலையில் இருந்த அதே தராசில் வைத்தேன். 2 கிலோ 900 கிராம்.